பழைய மினியேச்சர் போர் விளையாட்டுகள்: சென்னையில் சேர்க்கவும் ஆடவும் தொடங்குவோருக்கு

விரல் நீளமே உள்ள ஈய வீரர்களையும் பிளாஸ்டிக் பூதங்களையும் மேசையில் அணிவகுத்து நிறுத்தி, அங்குல நாடாவால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிப் போரிடும் மினியேச்சர் விளையாட்டுகள் 1980களிலும் 1990களிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் செழித்திருந்தன. அந்தக் காலத்திலேயே சென்னையில் அவற்றை ஆடி வளர்ந்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்கு இந்த ஏக்கம் வேறு வாசல்கள் வழியாக வந்து சேர்ந்தது. வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்த ஒரு பெட்டி, பழைய புத்தகக் கடையில் புரட்டிப் பார்த்த ஓர் ஆங்கில இதழ், 2004இல் வெளியான டான் ஆஃப் வார் என்ற கணினி விளையாட்டைப் பிரவுசிங் சென்டரில் ஆடிக் கழித்த கல்லூரி மாலைகள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வாசல் உண்டு. அன்று கைக்கெட்டாமல் போனதை இன்று வாங்கும் நிலைக்கு வந்திருப்பவர்களையும், பழைய உருவங்களின் அழகில் மனம் பறிகொடுத்த இளையவர்களையும் எண்ணி இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

இந்தப் பொருட்களை ஆடுவதற்காகவே சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆடுவதற்காகச் சேர்ப்பவர் எதை வாங்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதில் தடுமாறுவதில்லை. அரிய பொருள் என்ற பெயரில் விற்கப்படும் எல்லாவற்றின் பின்னாலும் ஓடுவதில்லை. இதற்கு ஈடான இன்னொரு கவலையும் சென்னைவாசிக்கு உண்டு. கடற்கரை நகரத்தின் ஈரக்காற்று பழைய ஈயத்துக்கும் அட்டைக்கும் நல்லதல்ல. அதனால் இந்த வழிகாட்டியில் வாங்குவதைவிடப் பாதுகாப்பதைப் பற்றிக் கூடுதலாகவே எழுதியிருக்கிறேன்.

முதற்படி: ஒரே ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுத்தல்

பழைய மினியேச்சர் விளையாட்டு என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது வார்ஹாமர். 1975இல் லண்டனில் தொடங்கிய கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனமும் அதனோடு இணைந்து உருவங்களை வார்த்த சிட்டடல் மினியேச்சர்ஸும் சேர்ந்து 1983இல் அதன் முதல் பதிப்பை வெளியிட்டன. விண்வெளிப் போர்களைக் களமாகக் கொண்ட வார்ஹாமர் 40,000 விளையாட்டு 1987இல், ரோக் டிரேடர் என்ற துணைப்பெயருடன் வந்தது. மாயாஜாலப் போர் விளையாட்டான முதல் வார்ஹாமர் 2015இல் நிறுத்தப்பட்டு, 2024இல் தி ஓல்டு வேர்ல்டு என்ற பெயரில் புதிய விதிகளுடன் திரும்பி வந்திருக்கிறது. அந்த வருகைக்குப் பின் சதுர அடித்தட்டில் நிற்கும் பழைய உருவங்களைத் தேடுவோர் பெருகிவிட்டதையும் புதியவர் மனத்தில் கொள்ள வேண்டும்.

இருந்தாலும் முழு அளவிலான வார்ஹாமர் படையோடு தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு படைக்கே ஐம்பது, அறுபது உருவங்கள் தேவைப்படும். ஆறடிக்கு நான்கடி மேசை வேண்டும். நம் அடுக்குமாடி வீடுகளின் கூடத்தில் அதைப் போட்டால் வேறெதற்கும் இடமிருக்காது. 1980களின் பதிப்புகள் இரண்டு ஆட்டக்காரர்களோடு நடுவர் ஒருவரும் இருப்பார் என்று எண்ணி எழுதப்பட்டவை. அந்த மூன்றாவது ஆளைத் தேடுவதும் எளிதல்ல.

மிக எளிய நுழைவாயில், பலகையோடு வரும் பெட்டி விளையாட்டுகளே. 1989இல் மில்டன் பிராட்லி நிறுவனம் கேம்ஸ் வொர்க்‌ஷாப்புடன் சேர்ந்து வெளியிட்ட ஹீரோக்வெஸ்ட் பெட்டியில் முப்பத்தைந்து பிளாஸ்டிக் உருவங்களும், கதவுகள், மேசைகள், புத்தக அலமாரிகள் போன்ற குட்டிச் சாமான்களும் இருந்தன. காட்டுவீரன், குள்ளன், எல்ஃப், மந்திரவாதி ஆகிய நால்வர் நிலவறைக்குள் நுழைய, ஒருவர் மட்டும் எதிர்த்தரப்பை நடத்துவார். பத்து வயதுப் பிள்ளைக்கும் அரை மணி நேரத்தில் கற்றுத்தரலாம். 2021இல் அது மறுபதிப்பாக வந்துவிட்டதால், பழைய பெட்டியில் அட்டை ஒன்று குறைந்திருந்தாலும் ஆட்டம் நின்றுபோகாது. அதே 1989இல் வந்த ஸ்பேஸ் ஹல்க் இருவருக்கானது. கனத்த கவசமணிந்த வீரர்களை நடத்துபவருக்கு மட்டும் நேரக்கட்டுப்பாடு உண்டு என்பதால், அந்த நெருக்கடியில் எழும் பதற்றத்தை வேறெந்தப் பழைய விளையாட்டிலும் நான் உணர்ந்ததில்லை.

உருவங்களைத் தாமே சேர்த்து, வண்ணம் தீட்டி, பெயர் வைத்து வளர்க்க விரும்புவோருக்குச் சிறுகுழு விளையாட்டுகள் ஏற்றவை. 1995இல் வந்த நெக்ரோமுண்டாவும் 1999இல் வந்த மோர்ட்ஹைமும் இவ்வகையில் தலைசிறந்தவை. மோர்ட்ஹைமில் 500 பொற்காசுக் கணக்கோடு ஒரு கூட்டத்தை அமைக்கிறோம். பெரும்பாலான கூட்டங்களுக்குப் பதினைந்து பேரே உச்சவரம்பு. ஓர் ஆட்டத்தில் காலொடிந்தவன் அடுத்த ஆட்டத்தில் நொண்டிக்கொண்டே வருவான்; தப்பிப் பிழைத்தவன் அனுபவம் பெறுவான். இப்படித் தொடராக ஆடும்போது மலிவாக வாங்கிய ஒரு சாதாரண உருவத்துக்கும் வரலாறு உண்டாகிவிடுகிறது. பழைய மினியேச்சர்களை நேசிப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

இயந்திர மனிதர்களை விரும்புவோருக்கு 1984இல் தோன்றிய பேட்டில்டெக் இருக்கிறது. அதன் அடிப்படை விதிகள் நாற்பது ஆண்டுகளில் பெரிதாக மாறவில்லை. பக்கத்துக்கு நான்கு உருவங்கள் போதும். அறுகோணக் கட்டங்கள் அச்சிட்ட தாளை விரித்தால் சாப்பாட்டு மேசையே களம். ரால் பார்த்தா நிறுவனம் வார்த்த அதன் பழைய உலோக உருவங்களில் சில, ஜப்பானிய அனிமேஷன் தொடர்களின் வடிவங்களைத் தழுவியவை. உரிமைச் சிக்கலால் 1990களின் நடுவில் அவை விலக்கப்பட்டதால் இன்று அவற்றுக்குக் கிராக்கி அதிகம். தொடங்குவோர் அவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. அயர்ன் விண்ட் மெட்டல்ஸ் என்ற நிறுவனம் பழைய வடிவங்கள் பலவற்றை இன்றும் வார்த்துத் தருகிறது.

இரண்டாம் படி: கையிலுள்ள உருவத்தை அடையாளம் காணுதல்

ஒரு பழைய உருவத்தை வாங்கும் முன் அதன் காலத்தையும் உலோகத்தையும் அறிந்துகொள்வது அவசியம். 1980களின் நடுப்பகுதி வரை வந்த சிட்டடல் உருவங்களில் காலடியில் உள்ள உலோகத் தட்டு உருவத்தோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும். அதற்குப் பின் வந்தவற்றில் கால்களுக்குக் கீழே நீண்ட உலோகப் பட்டை ஒன்று இருக்கும். அது பிளாஸ்டிக் அடித்தட்டில் உள்ள பிளவுக்குள் செருகிக்கொள்ளும். அந்தப் பட்டையின் பக்கவாட்டில் ஆண்டும் நிறுவனப் பெயரும், பல வேளைகளில் உருவத்தின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். ஆகவே படம் பார்த்து வாங்கும்போது முகப்படத்தோடு நிறைவடையாமல், அடித்தட்டைக் கழற்றிப் பட்டையைத் தெளிவாகக் காட்டும் படத்தையும் கேட்டுப் பெறுங்கள். பட்டையில் உள்ள ஆண்டு, வார்ப்பு அச்சு செய்யப்பட்ட காலத்தைத்தான் காட்டும். அதே அச்சிலிருந்து பல ஆண்டுகள் வார்த்திருக்கக்கூடும்.

உலோகத்தைப் பொறுத்தவரை நினைவில் கொள்ள வேண்டிய ஆண்டுகள் இரண்டு. 1993இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஈயப் பொம்மைகளுக்குத் தடை வரக்கூடும் என்ற நிலை எழுந்தபோது ரால் பார்த்தா ஈயமற்ற கலவைக்கு மாறியது. கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1997இல் மாறியது. அதற்கு முந்தையவை பெரும்பாலும் ஈயமும் வெள்ளீயமும் கலந்தவை. கனமாகவும், வளைத்தால் மெதுவாக வளைந்து கொடுப்பவையாகவும் இருக்கும். பிந்தையவை பளிச்சென்ற நிறமும் கூடுதல் விறைப்பும் உடையவை. ஈய உருவத்தைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், அரம் போடும்போது நீர் தொட்டுப் போட்டுத் தூளைத் துடைத்தெடுப்பதும், சமையல் மேடையில் இந்த வேலையைச் செய்யாதிருப்பதும் விலக்கில்லாத விதிகள். வாயில் எதையும் வைக்கும் வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஈய உருவங்களைப் பூட்டியே வைக்க வேண்டும்.

நகல் வார்ப்புகளைப் பற்றியும் ஒரு சொல். அசல் உருவத்திலிருந்து திருட்டுத்தனமாக அச்சு எடுத்து வார்த்தவை சந்தையில் உண்டு. வார்ப்பு குளிரும்போது சுருங்குவதால் அவை அசலைவிடச் சற்றே சிறியவையாக இருக்கும். முகத்தின் நுணுக்கங்கள் மழுங்கியும், பட்டையில் எழுத்து மங்கியும், சிறு காற்றுக்குமிழிகளின் தடத்தோடும் காணப்படும். சந்தேகம் வந்தால் வாங்காமல் விட்டுவிடுவதே சரி.

மூன்றாம் படி: வாங்குதல்

சென்னைக் கடைகளில் இவை கிடைக்குமா என்று பலரும் கேட்கிறார்கள். சென்ட்ரல் அருகே இருந்த மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனபின் அங்கிருந்த கடைக்காரர்கள் பலர் பக்கத்திலுள்ள அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறினார்கள். பழைய புத்தகங்களுக்காக அங்கும், மயிலாப்பூர் லஸ் பகுதியின் பழைய புத்தகக் கடைகளுக்கும் போவது நல்ல பழக்கம்; ஏதேனும் ஒரு நாள் ஒரு பழைய இதழோ விதிநூலோ கண்ணில் படக்கூடும். ஆனால் வார்ஹாமர் படையைத் தேடி அங்கே போனால் ஏமாற்றமே மிஞ்சும். உருவங்களுக்கு மூன்று வழிகள்தான் உண்மையில் பயன்படுகின்றன. முதலாவது, நாட்டுக்குள்ளேயே சேகரிப்பைக் கலைப்பவர்களிடம் வாங்குவது. பெங்களூரு, மும்பை நகரங்களில் இத்தகையோர் இருக்கிறார்கள். இரண்டாவது, வெளிநாட்டு ஏல விற்பனை. மூன்றாவது, வெளிநாட்டிலுள்ள உறவினர் முகவரிக்கு வரவழைத்து அவர்கள் ஊருக்கு வரும்போது கொண்டுவரச் செய்வது. மூன்றாவது வழிக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. ஆனால் ஒரு கிலோ ஈயக் கட்டிகளைக் கைப்பையில் வைத்து விமான நிலையத்தின் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் அனுப்பினால் விளக்கம் சொல்லியே நேரம் போய்விடும் என்பதால், அவற்றைச் செக்-இன் பெட்டியில், துணிகளுக்கு நடுவே வைக்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டு அஞ்சலில் வருபவற்றுக்குச் சுங்கத் தீர்வை உண்டு என்பதை விலைக் கணக்கில் முதலிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் பொம்மைகள் மீதான அடிப்படைச் சுங்கத் தீர்வை 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023இல் 70 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. ஒரு பொதி எந்த வகையில் சேர்க்கப்படுகிறது என்பதைப் பொறுத்துத் தீர்வை மாறும். ஆகவே ஏலத்தில் உருவத்தின் விலையை மட்டும் பார்த்துக் கை உயர்த்தாமல், அஞ்சல் செலவையும் தீர்வையையும் கூட்டினால் வரும் தொகை உங்களுக்குச் சம்மதம்தானா என்று பார்த்து முடிவெடுங்கள். உருவங்களை ஒவ்வொன்றாக வாங்குவதைவிட ஒரே விற்பனையாளரிடம் இருபது, முப்பது உருவங்களைக் கட்டாக வாங்குவது கட்டுப்படியாகும். உடைந்ததும் வண்ணம் அப்பியதுமான கட்டுகளை யாரும் விரும்பாததால் அவை மலிவாகவே போகின்றன. பொறுமை உள்ளவருக்கு அவைதான் புதையல்.

எதை வாங்கினாலும் எதிரெதிரான இரண்டு தரப்பையும் நீங்களே வாங்குங்கள். இங்கே இந்த விளையாட்டை அறிந்த எதிராளி தானாகத் தேடி வரமாட்டார். இரண்டு கூட்டங்களும் உங்கள் வீட்டில் தயாராக இருந்தால், ஒரு நண்பரை அழைத்து உட்கார வைத்தாலே ஆட்டம் தொடங்கிவிடும். ஒரு தரப்பை மட்டும் பெரிதாக வளர்த்துவிட்டு எதிராளிக்காகக் காத்திருப்பவர்களின் படைகள்தான் ஆண்டுக்கணக்கில் பெட்டியிலேயே கிடக்கின்றன.

நான்காம் படி: ஈயத்தையும் அட்டையையும் சென்னைக் காற்றிலிருந்து காத்தல்

பழைய ஈய உருவங்களைத் தாக்கும் நோய் ஒன்று உண்டு. உருவத்தின் மேல் சாம்பல் கலந்த வெள்ளைப் பொடி பூக்கும், தட்டினால் உதிரும், கவனிக்காமல் விட்டால் முகமும் கையும் அரித்துப்போய் உருவமே சிதைந்துவிடும். மரத்திலிருந்தும் அட்டையிலிருந்தும் கசியும் அசிட்டிக் அமில ஆவி, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து ஈயத்தைத் தாக்குகிறது. பின் காற்றிலுள்ள கரியமில வாயு அதை ஈயக் கார்பனேட்டாக மாற்றுகிறது. அப்படி மாறும்போது அமிலம் மீண்டும் விடுபடுவதால் தாக்குதல் ஓயாமல் தொடர்கிறது. ஆவி, ஈரம், மூடிய இடம் ஆகிய மூன்றும் கூடினால்தான் இந்த நோய் வேகம் பிடிக்கும். சென்னையில் ஈரத்தை நாம் தேட வேண்டியதே இல்லை. மழைக்காலத்தில் மட்டுமன்றி, கடற்காற்று வீசும் கோடை மாலைகளிலும் அது வீட்டுக்குள் இருக்கிறது.

ஆகவே கண்ணாடிக் கதவு போட்ட மர ஷோகேஸ் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் ஈய உருவங்களுக்கு ஆகாது. பிளைவுட், எம்.டி.எஃப் பலகைகள் இன்னும் மோசம், ஏனென்றால் அவற்றின் மரத்தோடு பசையும் ஆவியை வெளியிடுகிறது. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் வண்ணம் சுட்ட இரும்பு பீரோதான் இதற்கு மிகச் சிறந்த இடம். அதற்குள் மூடி இறுகும் பாலிபுரொப்பிலீன் டப்பாக்களில் உருவங்களை வைத்து, ஒவ்வொரு டப்பாவிலும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போடுங்கள். நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லாக வாங்கினால் எப்போது ஈரம் குடித்து நிறைந்தது என்று தெரிந்துவிடும். சூடாக்கி உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். அடித்தட்டுக்குக் கீழே சிறு காந்தம் ஒட்டி, டப்பாவின் அடியில் தகடு விரித்தால் உருவங்கள் உருளாமல் நிற்கும். எவர்சில்வர் தட்டை விரிப்பதாக இருந்தால், காந்தம் பிடிக்கிறதா என்று கடையிலேயே ஒட்டிப் பார்த்து வாங்குங்கள். நல்ல தரமான எவர்சில்வர் பலவற்றில் காந்தம் ஒட்டாது. பழைய கைப்பெட்டிகளோடு வரும் நுரைப்பஞ்சை உடனே தூக்கிப் போட்டுவிடுவது நல்லது. அந்தப் பஞ்சு ஈரத்தில் பிசுபிசுத்துப் பொடிந்து வண்ணத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும்.

வாங்கி வந்த கட்டில் ஓர் உருவத்திலேனும் வெண்பொடி கண்டால், அதை மற்றவற்றிலிருந்து பிரித்துவையுங்கள். கையுறை அணிந்து, நீருக்குள் வைத்தபடியே மென்மையான பிரஷ்ஷால் பொடியைத் தேய்த்து நீக்குங்கள்; உலர்ந்த நிலையில் தேய்த்தால் ஈயத்தூள் மூச்சில் போகும். பிறகு நன்றாக உலர்த்தி, உலோகம் வெளியே தெரியாதபடி பிரைமர் என்ற அடிப்பூச்சும் வார்னிஷும் பூசி வைக்க வேண்டும். கழுவுவதற்குப் போர்வெல் தண்ணீரைப் பயன்படுத்தாதீர்கள். அதன் உப்பு காய்ந்து வெள்ளைத் திட்டாகப் படியும்போது, அது ஈயப் பூப்பா தண்ணீர்க் கறையா என்று தெரியாமல் குழம்ப நேரிடும். கேன் தண்ணீரோ ஆர்.ஓ தண்ணீரோ போதும்.

அட்டைப் பலகைகள், சீட்டுகள், விதிநூல்கள் ஆகியவற்றுக்கு எதிரிகள் பூஞ்சையும் புத்தகப் பூச்சியும். சீட்டுகளை உறையிட்டு, ஜிப் பைகளில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கலாம். வழக்கம்போல அந்துருண்டை போடலாமே என்று தோன்றும். பிளாஸ்டிக் உருவங்கள் இருக்கும் பெட்டியில் போடவே கூடாது, அதன் ஆவி அவற்றின் பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். வைக்கும் உயரமும் முக்கியம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் கண்ட நகரத்தில், தரைத்தள வீட்டுக்காரர் எந்தப் பெட்டியையும் கட்டிலுக்கு அடியில் வைக்கலாகாது. அதே வேளையில் மேல்தளத்து வீட்டின் பரண் மே மாதத்தில் கொதிக்கும்; ரெசின் என்ற பிசினில் வார்த்த உருவங்களும் மெல்லிய பிளாஸ்டிக் ஈட்டிகளும் அங்கே வளைந்துபோகும். இடுப்புயரத்துக்கும் தலையுயரத்துக்கும் இடைப்பட்ட அலமாரித் தட்டே பொருத்தமானது.

ஐந்தாம் படி: பழைய வண்ணத்தை நீக்குதலும் புதிதாகத் தீட்டுதலும்

நீக்கும் முன் ஒரு கணம் பாருங்கள். 1988இல் ஏதோ ஒரு பதின்வயதுப் பையன் எனாமல் வண்ணத்தில் பொறுமையாகத் தீட்டிய கண்களும் கேடயச் சின்னமும் சரியாகவே இருக்குமானால், அதை அழிக்காமல் தூசி தட்டி வார்னிஷ் பூசி வைத்துக்கொள்ளலாம். அந்தக் கையின் தடமும் பழைமையின் ஒரு பகுதி. அடையாளமே தெரியாத அளவு வண்ணம் அப்பியிருந்தால் மட்டும் நீக்குங்கள்.

உலோக உருவத்துக்கு அசிட்டோன் விரைவாக வேலை செய்யும். ஆனால் பிளாஸ்டிக் அடித்தட்டை முதலில் கழற்றிவிட வேண்டும். பிளாஸ்டிக்கிலும் ரெசினிலும் அசிட்டோன் பட்டால் உருகிவிடும். பிளாஸ்டிக்குக்கு ஏற்றது, இங்கிலாந்தின் பழைய ஆட்டக்காரர்கள் பல்லாண்டுகளாகப் பயன்படுத்திவரும் டெட்டால். பழுப்புநிற மருந்து டெட்டாலை நீர் கலக்காமல் கண்ணாடிச் சீசாவில் ஊற்றி, உருவங்களை ஒரு நாள் ஊறவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் வண்ணம் கழன்றுவரும். தேய்த்து முடிக்கும்வரை நீர் படக்கூடாது. பட்டால் கழன்ற வண்ணம் பிசினாகி உருவத்திலேயே ஒட்டிக்கொள்ளும். சுத்தமான டெட்டாலில் ஒருமுறை அலசிய பின்னரே பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் கழுவுங்கள். கையுறை கட்டாயம், சன்னலைத் திறந்து வையுங்கள். ஃபெவிக்விக் போன்ற பசையால் ஒட்டிய பழைய மூட்டுகளைப் பிரிக்க, உருவத்தை ஃப்ரீசரில் சில மணி நேரம் வைத்து எடுத்து மெல்லத் திருகினால் பசை நொறுங்கி விட்டுவிடும். உடைந்த கனமான கைகளை ஒட்ட அரால்டைட்டும், சிறு பள்ளங்களை நிரப்ப எம்-சீலும் போதும்.

பிரைமர் தெளிப்பதில்தான் நம் ஊர் ஆட்டக்காரருக்குச் சோதனை. காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது ஸ்ப்ரே அடித்தால் பரப்பு மணல் தூவியது போல் சொரசொரப்பாகும். மேட் வார்னிஷ் ஸ்ப்ரேயாக இருந்தால் வெண்பனி படர்ந்து தீட்டிய வண்ணமே மறைந்துபோகும். அதிகாலை இதமாக இருக்கிறதே என்று அப்போது அடிக்க வேண்டாம், ஈரம் மிகுந்த நேரம் அதுதான். பிப்ரவரி, மார்ச் மாதங்களின் நண்பகல் கடந்த வேளையில், நிழலில் அடிப்பது நல்ல பலன் தரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஸ்ப்ரே டப்பாவைத் தொடாமல், பிரஷ்ஷால் பூசும் பிரைமரையும் வார்னிஷையும் பயன்படுத்துங்கள். உண்மையில் ஆண்டு முழுவதுமே பிரஷ்ஷால் பூசுவதுதான் புதியவருக்குக் கவலையற்ற வழி.

வண்ணங்களில் உருவத்துக்குரியவற்றை மட்டும் வயெஹோ, சிட்டடல் போன்ற மினியேச்சர் வண்ணங்களாக வாங்கி, அடித்தட்டுக்கும் நிலப்பரப்புக்கும் கேமல், ஃபெவிக்ரில் அக்ரிலிக் வண்ணங்களைப் பயன்படுத்தினால் செலவு குறையும். மின்விசிறிக் காற்றில் வண்ணம் தட்டிலேயே காய்ந்துவிடுவதைத் தவிர்க்க, மூடியுள்ள டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்சைப் பரப்பி அதன்மேல் பட்டர் பேப்பர் விரித்து வண்ணம் கலக்கலாம். இந்த வெயிலில் அது மூன்றாம் நாளே நாற்றமெடுக்கும் என்பதால் அடிக்கடி மாற்ற வேண்டும். தீட்டும் பாணியைப் பொறுத்தவரை, பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும், புல்பச்சை அடித்தட்டும்தான் 1990களின் தொடக்கத்து முகம். இன்றைய மங்கலான, துரு ஏறிய பாணியை அந்தக் கால உருவங்கள்மேல் ஏற்றுவதைவிட, அவை பிறந்த காலத்து நிறங்களையே தருவது எனக்குப் பிடிக்கும்.

ஆறாம் படி: களம் அமைத்தல்

இதில் மயிலாப்பூருக்கு அருகில் இருப்பவர்கள் பாக்கியசாலிகள். நவராத்திரிக்கு முன் வடக்கு மாடவீதியில் கொலு பொம்மைகளோடு, கொலு பார்க் அமைப்பதற்கான குட்டி மரங்கள், வேலிகள், கிணறுகள், பாலங்கள் எல்லாம் விற்பனைக்கு வரும். அளவுக்குப் பொருத்தமாக இருக்கிறதா என்று பார்க்க, வண்ணம் தீட்டாத ஓர் உருவத்தைச் சட்டைப்பையில் கொண்டுபோங்கள். கதவு அவன் தலையைவிடச் சற்று உயரமாக இருந்தால் வாங்கலாம். மலைகளுக்குத் தெர்மாகோல், இடிந்த சுவர்களுக்குக் கட்டடக்கலை மாணவர்கள் வாங்கும் ஃபோம் போர்டு, தரைக்குச் சலித்த ஆற்றுமணல் என்று மற்றவை எளிதாகக் கிடைத்துவிடும். தெர்மாகோலின் மேல் ஸ்ப்ரே பெயிண்ட் நேரடியாகப் பட்டால் கரைந்துபோகும். முதலில் ஃபெவிகால் கலந்த வண்ணத்தைப் பிரஷ்ஷால் பூசிக் காயவைக்க வேண்டும். ஃபெவிகால் ஈரமாக இருக்கும் களப்பொருட்களை ஈய உருவங்களோடு ஒரே டப்பாவில் அடைக்காதீர்கள். அந்தப் பசையும் அசிட்டிக் ஆவியை வெளியிடக்கூடியது.

ஏழாம் படி: முதல் ஆட்டம்

வண்ணம் முழுவதும் முடியட்டும் என்று ஆட்டத்தை ஒத்திப்போடாதீர்கள். மூன்று உருவங்கள் தயாரானதும் மூன்றுக்கு மூன்று என்று ஆடத் தொடங்குங்கள். மற்றவை பிரைமரோடு நின்றாலும் குறையில்லை. எதிரே உட்காருபவர் புதியவரானால் நகர்தல், எய்தல், கைகலப்பு ஆகிய மூன்றை மட்டும் சொல்லிக்கொடுத்து, மந்திரம், மனவுறுதிச் சோதனை போன்றவற்றை அடுத்த சந்திப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய விதிநூல்களில் ஒன்றுக்கொன்று முரணான இடங்கள் பல உண்டு. அத்தகைய இடத்தில் பக்கங்களைப் புரட்டி அரை மணி நேரத்தை வீணாக்காமல், இருவரும் பகடை உருட்டி யார் சொல்வது சரி என்று முடிவு செய்து ஆட்டத்தைத் தொடருங்கள்; முடிவை ஒரு நோட்டில் எழுதி வைத்தால் அதுவே உங்கள் வீட்டு விதியாகிவிடும். அதே நோட்டில் தேதி, இரு தரப்பின் கூட்டங்கள், யார் விழுந்தார்கள், யார் தப்பினார்கள் என்பதையும் குறித்துவையுங்கள். மோர்ட்ஹைம், நெக்ரோமுண்டா போன்றவற்றில் அடுத்த ஆட்டத்துக்கு இந்தக் குறிப்பு இல்லாமல் முடியாது.

மேசைக்கு இடமில்லாவிட்டால் தரையில் பாய் விரித்து அதன்மேல் துணி போட்டு ஆடலாம். நான்கடிச் சதுரம் சிறுகுழு விளையாட்டுகளுக்குத் தாராளம். மொட்டை மாடி ஆசை எல்லோருக்கும் வரும், ஆனால் கடற்காற்று சீட்டுகளைப் பறக்கடித்து அட்டைச் சுவர்களைச் சாய்த்துவிடும். மின்விசிறியின் வேகத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். டீயும் பஜ்ஜியும் தனி ஸ்டூலில் இருக்கட்டும். எண்ணெய்க் கையோடு உருவங்களைத் தொட்டால் வார்னிஷ் மங்கும், ஈயத்தைத் தொட்ட கையோடு பஜ்ஜியைத் தொடுவது அதைவிடக் கெடுதல். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வோர் உருவத்தையும் மென்மையான துணியால் துடைத்து, ஈட்டி முனைகளும் அடித்தட்டு ஒட்டுகளும் சரியாக உள்ளனவா என்று பார்த்து, சிலிக்கா ஜெல்லின் நிறத்தையும் ஒருமுறை கவனித்துவிட்டு டப்பாவை மூடுங்கள். இப்படி நான்கைந்து ஆட்டங்கள் முடிவதற்குள் எந்த உருவம் உங்கள் கூட்டத்துக்கு உண்மையில் தேவை என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும்; அடுத்த ஏலத்துக்கான பட்டியலை அதிலிருந்து எழுதத் தொடங்கலாம்.